கலந்த நிலையில் போட்டுப் பார்த்தீர்களா?

அமிர்தநாதன் மதுக்கரையில் ஒரு சிமென்ட் ஆலையில் கெமிஸ்டாகச் சேர்ந்தது 1976இல். மணிக்கு ஒருமுறை சூளையிலிருந்து வெந்து விழும் கிளிங்கர் கட்டிகளில் ஒரு கரண்டி அள்ளி வந்து, இடித்துச் சலித்து, சுண்ணாம்பு எவ்வளவு, சிலிக்கா எவ்வளவு என்று பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். அதுதான் வேலை. ஆனால் அவர் எம்.எஸ்ஸி. படித்தது இயற்பியல். சென்னையில் ஆராய்ச்சி செய்ய இடம்கூடக் கிடைத்திருந்தது. பெட்டி கட்டும் நேரத்தில் அப்பா பக்கவாதத்தில் விழுந்தார். கல்யாணத்துக்கு இரண்டு தங்கைகள் நின்றார்கள். ஆலையில் ஆள் எடுக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, போய் நின்றார். பி.எஸ்ஸி.யில் துணைப்பாடமாகப் படித்த வேதியியல்தான் அதற்குப் பிறகு அவருக்குச் சோறு போட்டது.

அதைப் பற்றி அவர் யாரிடமும் குறைபட்டுக்கொண்டதில்லை. தங்கைகள் கரையேறினார்கள். அவருக்கும் கல்யாணம் ஆயிற்று. மனைவி விமலாராணி ஆர்.எஸ்.புரத்தில் ஒரு கிளினிக்கில் நர்ஸ். ஆலைக் குடியிருப்பில் இரண்டு அறை வீடு. வாரவிடுமுறை அன்று மட்டும் அவர் பஸ் ஏறி கோவைக்குப் போய், ஒரு கல்லூரி நூலகத்தில் அறிவியல் பத்திரிகைகளைப் புரட்டிவிட்டுச் சாயங்காலம் திரும்புவார். சினிமாவுக்குப் போகிறவர்கள் போவதுபோல அவர் நூலகத்துக்குப் போனார்.

1991இல் அப்படி ஒருநாள் கருந்துளைகளைப் பற்றிய கட்டுரை ஒன்று கண்ணில் பட்டது. வாசித்து முடித்தவருக்கு ஏனோ கோபம் வந்தது.

விஷயம் இதுதான். ஒரு கடுதாசியைத் தீயில் போட்டுவிட்டாலும், எழுந்த புகை, மிஞ்சிய சாம்பல், வீசிய வெளிச்சம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் பிடித்து ஆராய முடிந்தால், அதில் எழுதியிருந்ததை மறுபடி வாசித்துவிடலாம். மனிதரால் ஆகிற காரியமில்லை. ஆனால் இயற்கையின் விதி அதைத் தடுக்கவில்லை. இருந்த நிலை எதுவும் தடமில்லாமல் அழியாது என்பது குவாண்டம் இயற்பியலின் அடிப்படை. கருந்துளையில் விழுந்தது மட்டும் வேறு கதை. எதை விழுங்கினாலும் அது மிக மிக மெதுவாக வெப்பத்தைக் கசியவிட்டு, சுருங்கிச் சுருங்கிக் கடைசியில் இல்லாமலே போய்விடும். அந்த வெப்பம் எப்போதும் ஒரே மாதிரி இருக்கும். உள்ளே விழுந்தது கடுதாசியா, கல்லா என்று அது சொல்லாது. அப்படியானால் கடுதாசியில் இருந்த செய்தி எங்கே போயிற்று? அழிந்துவிட்டது, குவாண்டம் விதியைத்தான் திருத்த வேண்டும் என்றது கட்டுரை.

அமிர்தநாதனுக்குப் பொறுக்காதது அந்தக் கடைசி வரிதான். சூளைக்குள் போட்டதற்கும் வெளியே வந்ததற்கும் எடை ஒத்துப்போகவில்லை என்றால், சூளை தின்றுவிட்டது என்று எந்தக் கெமிஸ்டும் எழுத மாட்டான். புகைபோக்கி வழியே போன தூசியை எடுத்துப் பார்ப்பான். பார்க்க வேண்டிய இடத்தில் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம். கருந்துளைக்கும் அப்படி ஏதோ ஒன்று இருக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. அன்றைக்குப் பிடித்தது, அடுத்த ஐந்து வருஷம் விடவில்லை.

நூலகத்தில் இல்லாத கட்டுரைகளுக்கு அவர் வெளிநாட்டுக்கு அஞ்சலட்டை எழுதுவார். உங்கள் கட்டுரையின் பிரதி ஒன்று அனுப்ப முடியுமா என்று இரண்டே வரி. பத்துக்கு நாலு பேர் அனுப்பிவைத்தார்கள். தபால்காரர் கண்ணையாவுக்கு ஆச்சரியம். குடியிருப்பில் வேறு யாருக்கும் விமானத் தபால் வருவதில்லை.

“சாருக்கு அமெரிக்காவுல சொந்தக்காரங்க ஆராச்சும் இருக்காங்களா?” என்று ஒருநாள் கேட்டேவிட்டார்.

இல்லை, படிக்கிறதுக்கு வருது என்றார் அமிர்தநாதன். இந்த வயதிலா என்று கண்ணையா கேட்கவில்லை. ஆனால் உறையை நீட்டிய கை ஒரு கணம் அப்படியே நின்றது.

வாசிக்க வாசிக்கத் தானும் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம் என்ற தைரியம் வந்தது. நிஜக் கருந்துளையைக் கணக்கில் கொண்டுவருவது அவரால் ஆகாது. ஆறே ஆறு துகள்களைக் கொண்ட ஒரு பொம்மைக் கருந்துளையைக் காகிதத்தில் செய்தார். ஒவ்வொரு துகளுக்கும் மேல், கீழ் என்று இரண்டு நிலை. ஆறு துகளுக்கும் சேர்த்து அறுபத்து நான்கு வரிசை. முழுநீளத் தாளில் கட்டம் போட்டு, ஒவ்வொரு துகளாக வெளியேறும்போது என்ன ஆகிறது என்று கையாலேயே எழுதிக்கொண்டு போனார். மூன்று வருஷம் எழுதியும் அடித்தும் கழித்துவிட்டு, கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். உள்ளே இருக்கும் துகள் எந்த நிலையில் இருக்கிறதோ, வெளியேறும் துகள் அதே நிலையை ஏற்றுக்கொண்டு போகிறது என்று வைத்தால், முதல் துகளிலிருந்தே செய்தி வெளியே வந்துவிடுகிறது. கருந்துளை முழுவதும் கரைந்துபோனாலும் ஒன்றும் தொலைவதில்லை. குவாண்டம் விதிக்கும் பங்கமில்லை. மேலுக்குப் போட்டுப் பார்த்தார், வந்தது. கீழுக்குப் போட்டுப் பார்த்தார், அதுவும் வந்தது.

விமலாராணி தட்டச்சில் ஹையர் முடித்தவள். பதினெட்டுப் பக்கக் கட்டுரையை, சமன்பாடு வரும் இடத்தையெல்லாம் காலியாக விட்டு, மூன்று தடவை அடித்துக் கொடுத்தாள். குறியீடுகளை அவர் கறுப்பு மையில் கையால் நிரப்பினார். அவளுக்கு விஷயம் புரியவில்லை. அவர் முகம் புரிந்தது. ஐந்து வருஷத்தில் அவர் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை.

1996 டிசம்பரில் கோவைக் கல்லூரி ஒன்றில் இயற்பியல் ஆசிரியர்களின் கருத்தரங்கு நடந்தது. ஏற்பாடு செய்த பேராசிரியர் கிருபாசங்கர் கட்டுரையை வாசித்துவிட்டு, ஆலைக்கே வந்து அமிர்தநாதனைப் பார்த்தார். கழுத்திலும் புருவத்திலும் தூசியோடு நின்ற மனிதரின் கையைப் பிடித்துக்கொண்டு, இத்தனை நாள் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டார். கருத்தரங்கில் முதல் உரை அவருக்குத்தான். நாற்பது நிமிஷம் பேசினார். கைதட்டல் ஓய நேரமாயிற்று. கேள்வி கேட்டவர்கள் எல்லாரும் பாராட்டிவிட்டுத்தான் கேட்டார்கள். கருத்தரங்கு மலரில் அவர் கட்டுரை முதல் பக்கத்திலேயே வந்தது. உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று படத்தோடு செய்தி போட்டது. பங்குக் கோயில் இளைஞர் மன்றம் ‘கருந்துளையைக் கண்டறிந்த எங்கள் அமிர்தநாதன் அவர்களே’ என்று ஒரு துணிப்பலகை கட்டியது. கருந்துளையை நான் கண்டறியவில்லை என்று அவர் சொல்லிப் பார்த்தார். ஏணியில் நின்றவர்கள் இறங்குவதாக இல்லை.

பிப்ரவரியில் ஒரு இன்லண்ட் கடிதம் வந்தது. அனுப்பியவர் பெயர் நாச்சியம்மாள், பொள்ளாச்சியில் ஒரு கல்லூரியின் இயற்பியல் விரிவுரையாளர். கருத்தரங்கில் உரை கேட்டதாகவும், மலரில் கட்டுரையை நான்கு முறை வாசித்ததாகவும், எளிமையும் அழகும் தன்னைக் கவர்ந்ததாகவும் எழுதியிருந்தாள். கடைசியில் ஒரு கேள்வி: “துகளை மேல் நிலையிலும் கீழ் நிலையிலும் போட்டுப் பார்த்திருக்கிறீர்கள். இரண்டும் கலந்த நிலையில் போட்டுப் பார்த்தீர்களா?”

அமிர்தநாதன் அதை மதியச் சாப்பாட்டு வேளையில் ஆலைப் பரிசோதனைக்கூடத்தில் வாசித்தார். போட்டுப் பார்க்கவில்லை. தேவைப்படும் என்றே தோன்றியிருக்கவில்லை. குவாண்டம் துகள் என்றாலே மேலும் கீழும் கலந்திருக்கும் என்பது முதல் வகுப்புப் பாடம். அது அவருக்குத் தெரியாததும் அல்ல. பழைய பதிவேட்டுத் தாள் ஒன்றை எடுத்து அதன் பின்பக்கம் எழுத ஆரம்பித்தார். கால் மணி நேரம் ஆகவில்லை, கணக்கு உடைந்துவிட்டது.

மேலையும் கீழையும் தனித்தனியாகப் பிரதி எடுத்துவிடலாம். கலந்த நிலையை எடுக்க முடியாது. எடுக்கப் போனால் உள்ளே இருப்பதும் வெளியே வந்ததும் ஒன்றோடொன்று பிணைந்துகொள்கின்றன. வெளியே வந்ததைத் தனியாகப் பார்த்தால் செய்தி முழுசாக இல்லை. உள்ளே இருப்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்டு. உள்ளே இருப்பதோ கரையப்போகிறது. இல்லை, இரண்டும் தனித்தனியே முழுப் பிரதிதான் என்று பிடிவாதம் பிடித்தால், ஒன்று இரண்டாகிவிட்டது என்று ஆகும். குவாண்டம் விதி எதை விட்டாலும் அதை விடாது. விதியைக் காப்பாற்றப் போன கட்டுரையே விதியை முறித்திருக்கிறது.

தூக்குவாளியை மூடி வைத்தார். மூன்று மணிக்கு எடுக்க வேண்டிய சாம்பிளை எடுக்க மறந்துபோனார். இருபது வருஷத்தில் அது முதல் தடவை.

வீட்டில் சொன்னபோது விமலாராணி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கட்டுரை தப்பு, முழுசும் தப்பு என்று மட்டும் சொன்னார்.

“ஆரு சொன்னாங்க?”

“பொள்ளாச்சி டீச்சர் ஒருத்தங்க. அவங்க சொல்லலை. கேட்டாங்க. நான் போட்டுப் பாத்தேன்.”

“அவங்களுக்கு மட்டுந்தானே தெரியும். அத்தனை புரொபசருங்க கேட்டுக்கிட்டுத்தானே இருந்தாங்க? ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலையே.” கத்தியைத் தாம்பாளத்தில் வைத்தாள். “மூணு தடவை டைப் அடிச்சது நானுங்க. எனக்கு ஒரு வார்த்தை புரியாட்டியும் ஒரு எழுத்துப் பிழை வரக்கூடாதுன்னு அடிச்சேன்.”

அவர் சட்டைப்பையிலிருந்து அந்தப் பதிவேட்டுத் தாளை எடுத்து மறுபடி ஒருமுறை போட்டுப் பார்த்தார்.

தப்பிக்க ஒரு வழி இருக்கத்தான் செய்தது. அவருக்கு வந்த வெளிநாட்டுக் கட்டுரைகளில் ஒன்று, உள்ளே ஒரு பிரதியும் வெளியே ஒரு பிரதியும் இருந்தால்கூடக் குற்றமில்லை என்றது. உள்ளே விழுந்தவன் வெளியே வந்து சொல்ல முடியாது. வெளியே நிற்பவன் உள்ளே பார்க்க முடியாது. இரண்டையும் ஒரே ஆள் பார்க்காதவரை விதி முறியவில்லை என்பது அதன் வாதம். அதைச் சொல்லி நாச்சியம்மாளுக்கு ஒரு பதில் எழுதினார். எழுதி, ஒட்டி, விலாசமும் எழுதிவிட்டார். மறுநாள் வேலைக்குப் போகும்போது அதைத் தபால்பெட்டியில் போடப் போனவருக்குத் தன் கட்டங்கள் ஞாபகம் வந்தன. அறுபத்து நான்கு வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று, இரண்டையும் பக்கம் பக்கமாக எழுதியது அவர் கைதான். இரண்டையும் பார்த்த அந்த ஒரே ஆள் அவரேதான். கடிதத்தைக் கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அடுத்த விடுமுறை நாளில் பொள்ளாச்சிக்கு பஸ் ஏறினார். கல்லூரியில் ஆசிரியர் அறைக்கு ஆள் அனுப்பி நின்றபோது, முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண் ஒருத்தி சாக்பீஸ் கையோடு வந்தாள். அவர் பெயரைக் கேட்டதும் அவசரமாகச் சொன்னாள்.

“தப்பா எடுத்துக்காதீங்க சார். மூணு வாரமா எழுதி எழுதிக் கிழிச்சுப்போட்டனுங்க. எல்லாரும் பாராட்டுறாங்க, நாம போயி எதுக்குன்னு இருந்துச்சு. நாந்தான் எங்கியாச்சும் தப்பாப் படிச்சிருப்பேன்னு நெனச்சேன்.”

“நீங்க சரியாத்தான் படிச்சிருக்கீங்க,” என்றார் அமிர்தநாதன். “உக்காந்து பேச எடம் இருக்குங்களா?”

அன்று இரண்டு வகுப்புகளை வேறொருவரிடம் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள் நாச்சியம்மாள். உடுமலைப் பக்கம் தோட்டக்காரக் குடும்பத்தில் பிறந்தவள். கல்லூரியில் பன்னிரண்டு வருஷமாக முதலாண்டு மாணவிகளுக்கு ஒளியியலும் வெப்பவியலும் நடத்துகிறவள். கருந்துளையைப் பற்றிப் பேச அவளுக்கு அதுவரை ஒரு ஆள் கிடைத்ததில்லை. அவருக்கும் அப்படித்தான். இரண்டு மணி நேரத்தில் எது தவறு என்பது தீர்ந்துவிட்டது. எது சரி என்று பேச ஆரம்பித்தபோதுதான் சாயங்காலமாகிவிட்டது தெரிந்தது.

செய்தியைப் பிரதி எடுக்கக் கூடாது, அது இடம் மாறலாம். அதை மட்டும் விதியாக வைத்துக்கொண்டு கணக்கை முதலிலிருந்து போடுவது என்று முடிவாயிற்று. ஆறு துகள் போதாது, குறைந்தது பன்னிரண்டு வேண்டும் என்றாள் நாச்சியம்மாள். பன்னிரண்டுக்கு நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு வரிசை. கையால் ஆகாது. கல்லூரியில் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் அறை வந்திருந்தது. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, ஏசி குளிரில் முந்தானையைப் போர்த்திக்கொண்டு அவள் புரோகிராம் எழுதினாள். இரண்டாம் சனிக்கிழமைகளில் அமிர்தநாதன் ஷிப்டு மாற்றிக்கொண்டு வந்துவிடுவார். மூன்று மெஷினில் ஒன்று எப்போதும் ரிப்பேர். தென்னந்தோப்புப் பக்கம் காற்றடித்தால் கரண்டு போய்விடும். ஓடிய கணக்கு அழிந்துபோகும். மறுபடி முதலிலிருந்து ஓட விட வேண்டும்.

ஆகஸ்டில் விடை வந்தது. அவர் முதலில் எழுதியதற்கு நேர் எதிர். முதல் துகள் வெளியே வந்தது, அதில் ஒன்றும் இல்லை. இரண்டாவது, மூன்றாவது வந்தன, ஒன்றும் இல்லை. ஆறாவது வரைக்கும் வெறும் வெப்பம்தான், கல்லா கடுதாசியா என்று சொல்லாத வெப்பம். கருந்துளை பாதிக்கு மேல் கரைந்த பிறகுதான், பின்னால் வரும் துகள்கள் முன்னால் வந்த துகள்களோடு ஒட்டு வைத்துக்கொண்டு செய்தியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கொண்டுவந்தன. பன்னிரண்டாவதும் வந்து முடிந்தபோது ஒன்றும் குறையவில்லை. எதுவும் இரண்டாகவும் இல்லை.

இது புதிதல்ல என்பது அக்டோபரில் தெரிந்தது. நான்கு வருஷத்துக்கு முன்பே வெளிநாட்டில் ஒருவர், எந்தப் பெரிய கருந்துளைக்கும் பொருந்தும்படி இதைக் காட்டிவிட்டிருந்தார். நாச்சியம்மாள் அந்தக் கட்டுரையை மேஜைமேல் வைத்துவிட்டு, அத்தனை சனிக்கிழமையும் வீண்தானே என்றாள். அமிர்தநாதனுக்கு ஏமாற்றமாக இல்லை. கடைசிப் பக்கத்துப் படத்தையும் தங்கள் பிரிண்ட் தாளில் வந்த படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். உள்ளே இருப்பதும் வெளியே வந்ததும் எவ்வளவு பிணைந்திருக்கின்றன என்று காட்டும், மேடேறி, உச்சி தொட்டு, இறங்கும் அதே கோடு.

“நம்மளுக்குத் தெரியாமலே நாம சரியாப் போட்டிருக்கோம்மா,” என்றார்.

அடுத்த கருத்தரங்கில் திருத்தத்தைச் சொல்ல நேரம் கேட்டு அவர் கிருபாசங்கரைப் பார்க்கப் போனபோது, வரவேற்பு போன வருஷத்தைப் போல இல்லை. மலர் அச்சாகி ஊரெல்லாம் போய்விட்டது, அது தப்பு என்று இப்போது சொன்னால் கட்டுரையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்குத்தானே அவமானம் என்றார் கிருபாசங்கர். அவர் கெட்டவர் அல்ல. ஊர் சிரிக்கும் என்ற பயம் அவருக்கு. அமிர்தநாதன் கலந்த நிலைக் கணக்கை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்துவிட்டு வந்தார். பத்து நாள் கழித்து ஆலைக்குப் போன் வந்தது. நான்தான் இதை முதலிலேயே பார்த்திருக்க வேண்டும் என்று கிருபாசங்கர் தொடங்கினார். சாப்பாட்டுக்கு முன்னால் இருபது நிமிஷம் தருவதாகச் சொன்னார்.

புதுக் கட்டுரையை விமலாராணி தட்டச்சு செய்தாள். அடித்துக்கொடு என்று அவர் கேட்கவில்லை. ஒருநாள் ஷிப்டு முடிந்து வந்தபோது மெஷினில் முதல் பக்கம் ஏறியிருந்தது. நாச்சியம்மாள் பெயரை முதலில் போட வேண்டும் என்று மட்டும் சொன்னார். அது ஏற்கெனவே அப்படித்தான் இருந்தது.

1997 டிசம்பர். அதே மண்டபம். அமிர்தநாதன் கரும்பலகையில் ஆறு வரி எழுதிவிட்டுத் திரும்பினார்.

“போன வருஷம் இதே இடத்துல நான் சொன்னது தப்புங்க. எந்த இடத்துல தப்புன்னு சொல்லத்தான் வந்திருக்கேன்.”

பின்வரிசையில் நாலைந்து பேர் டீக்கு எழுந்து போனார்கள். அவர் ஐந்தே நிமிஷத்தில் தன் கணக்கைத் தானே உடைத்துக் காட்டிவிட்டு, சாக்பீஸை நாச்சியம்மாளிடம் கொடுத்துவிட்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்தார். அவள் முதலில் பலகையைப் பார்த்தே பேசினாள். கோட்டை வரைந்து, பாதிவழிக்குப் பிறகு அது இறங்கும் இடத்துக்கு வந்தபோது மண்டபத்தின் பக்கம் திரும்பிவிட்டாள். ஒருவர் எழுந்து, எப்போது வெளியே வருகிறது என்று சொல்லிவிட்டீர்கள், எதுவும் திரும்ப முடியாத அந்தக் கருந்துளை எல்லையைத் தாண்டி எப்படி வருகிறது என்று கேட்டார்.

“அது தெரியலீங்க சார்,” என்றாள் நாச்சியம்மாள். “எங்க கணக்குக்குத் தெரியலை. இப்ப வரைக்கும் ஆருக்கும் தெரியலைன்னுதான் நெனக்கிறேன்.”

கைதட்டல் அளவாகத்தான் இருந்தது. பத்திரிகையில் செய்தி வரவில்லை. திருத்தம் அந்த வருஷ மலரின் கடைசிப் பக்கத்தில், விளம்பரத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் வந்தது. கோயிலில் சிலருக்கு வருத்தம், நம்மாள் ஏதோ சறுக்கிவிட்டார் என்று. துணிப்பலகை எப்போதோ காற்றில் கிழிந்துபோயிருந்ததால் அதைக் கழற்றும் சங்கடம் யாருக்கும் வரவில்லை. அமிர்தநாதன் எப்போதும்போல வேலைக்குப் போனார், சனிக்கிழமைகளில் பொள்ளாச்சிக்குப் போனார். சில சனிக்கிழமைகளில் விமலாராணியும் கூடப் போய், நாச்சியம்மாள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்தாள்.

நாச்சியம்மாள் எம்.ஃபில்.லுக்குப் பதிந்துகொண்டாள். 1999 மே மாதம் அவளுக்கு வாய்மொழித் தேர்வு. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கண்டிப்பானவர். ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு, ஆறு துகள் கணக்கு எப்படி உடைகிறது என்று அரைமணி நேரம் குடைந்தார். அவளும் சளைக்கவில்லை. கடைசியில் அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“நல்ல தப்பு இது. எனக்கே வாசிக்கும்போது முதல்ல சரின்னுதான் பட்டது. செஞ்சது யாரு?”

நாச்சியம்மாள் பதில் சொல்லத் தயங்கினாள். பின்வரிசையில், அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்த அமிர்தநாதன் எழுந்தார்.

“நானுங்க.”

அறையில் எல்லாரும் சிரித்துவிட்டார்கள், அவரும்தான். தேர்வாளர் சிரிக்கவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துத் தன் பக்கத்தில் போட்டார். தேர்வு முடிந்து கையெழுத்துகள் ஆன பிறகும் மூன்று பேரும் அங்கேயே உட்கார்ந்து, எல்லையைத் தாண்டி எப்படி வருகிறது என்பதைப் பற்றிச் சாப்பாட்டு மணி அடிக்கும்வரை பேசிக்கொண்டிருந்தார்கள்.